கணக்குப்பிள்ளைக்குக் கடிவாளம்

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றைக்காவது "இனி இடமில்லை" என்று கையை விரித்திருக்கிறதா? அப்படி விரித்தால், அவசரப்பட்டுக் குழந்தைகளின் படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற வாரம் எதிர் வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டருக்கு முன்னால் கண் கலங்க உட்கார்ந்திருக்கிறாள்.

"இடமே இல்லைங்கறதுடி இது! பேரனோட ஆண்டு நிறைவுப் படத்தையெல்லாம் ஒவ்வொண்ணா அழிச்சுண்டு வரேன். அப்பவும் போதலையாம்!" என்றாள்.

அந்தப் படங்கள் மொத்தமும் 6 ஜி.பி.கூட இல்லை. வேறோர் ஆசாமி ஓசைப்படாமல் 140 ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் 'லாக்' பைல்.

'லாக்' என்றால் மரக்கட்டை. அந்தக் காலக் கடலோடிகள் கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் போட்டுக் கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அதைக் குறித்து வைத்த நோட்டுக்கு 'லாக்' புத்தகம் என்று பெயர் வந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம்களும் இப்படி ஒரு நோட்டுப் போடுகின்றன: எப்போது வேலை தொடங்கியது, எங்கே தடங்கல் என்று. ஏதாவது பழுதானால் காரணம் கண்டுபிடிக்க உதவும். நல்ல கணக்குப்பிள்ளைதான்.

ஆனால் மாமி வீட்டுக் கணக்குப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பழைய பிரிண்டரை மாமி யாருக்கோ கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு உதவியாக வந்த புரோகிராமோ இன்னும், "பிரிண்டரைக் காணோம், காணோம்" என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது! வரிக்கு 200 எழுத்து, வினாடிக்கு 100 வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கிப் பாருங்கள், ஒரே நாளில் 1.7 ஜி.பி.!

உங்கள் வீட்டிலும் சந்தேகமா? விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று வரிசையாகத் திறந்தால், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். பிறகு சி டிரைவைத் திறந்து, தேடும் கட்டத்தில் நட்சத்திரக் குறி, புள்ளி, எல், ஓ, ஜி என்று அடியுங்கள். தேடி முடித்ததும் அளவுப்படி வரிசைப்படுத்தினால், மலை போன்றவன் மேலே வந்து நிற்பான்.

அழிக்குமுன், அதை எழுதும் புரோகிராமை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் அழிய மறுத்து அடம்பிடிக்கும். விண்டோஸ் போல்டருக்குள் இருப்பவற்றில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அங்கே சேரும் குப்பைக்கு 'ஸ்டோரேஜ்' பக்கத்திலேயே 'டெம்பரரி பைல்ஸ்' என்ற வழி இருக்கிறது.

அழித்தால் போதுமா? குழாயை மூடாமல் தரையைத் துடைத்து என்ன பயன்? வேண்டாத புரோகிராமானால் முறைப்படி 'அன்இன்ஸ்டால்' செய்துவிடுங்கள். வேண்டியதானால், புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அதன் செட்டிங்ஸில் 'லாகிங்', 'டீபக்' என்று ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள். உச்ச அளவு வைக்க இடமிருந்தால் வைத்துவிடுங்கள். விண்டோஸே தன்னுடைய முக்கியமான நிகழ்ச்சிக் குறிப்புகளுக்கு, நாம் மாற்றாதவரை, 20 எம்.பி. என்று எல்லை வகுத்திருக்கிறது. நிரம்பியதும் பழையதைத் தள்ளிப் புதியதை எழுதிக்கொள்ளும். கணக்குப்பிள்ளை என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

மாமியின் படங்கள் என்னவாயின என்று கேட்கிறீர்களா? அழித்தவை அத்தனையும் 'ரீசைக்கிள் பின்' என்ற தொட்டியில் பத்திரமாகக் கிடந்தன. தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். அது தெரியாததால்தான் மாமி அழித்ததெல்லாம் "போதலை"! எல்லாவற்றையும் மீட்டு வைத்தோம்.

பேரன் படத்தைத் திரும்பப் பார்த்ததும் மாமிக்கு முகம் மலர்ந்தது. "பாவம், குழந்தை ஒரு மூலையில சமத்தா இருந்திருக்கான். வீட்டை விட்டுப் போன பிரிண்டர்னா இத்தனை இடத்தையும் பிடிச்சுண்டிருந்திருக்கு!" என்றாள்.