லாண்டாவ் இருக்கட்டும், கணக்கு வருகிறதா?

"குவாண்டம் மெக்கானிக்ஸ் படிக்கணும், எந்த புக்ல ஆரம்பிக்கலாம்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் போதும். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். ஒருவர் சக்குராய் என்பார். இன்னொருவர் நேராக டிராக்கையே படி என்பார். மூன்றாமவர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "லாண்டாவ் - லிஃப்ஷிட்ஸ், மூணாவது வால்யூம்" என்பார். அத்துடன் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் யாராலும் ஏலம் கேட்க முடியாது.

கேட்டவனிடம் ஒருவர்கூட திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்: உனக்கு என்ன கணிதம் தெரியும்? கடைசியாக எப்போது ஒரு கணக்கை முழுதாகப் போட்டாய்?

இந்த ஏலத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை. மேற்படிப்பு இயற்பியலுக்குப் புத்தகம் பரிந்துரைப்பது என்ற பெயரில் நாம் செய்வது பெரும்பாலும் பரிந்துரை அல்ல, மிரட்டல். எது மிகக் கடினமோ அதுவே உயர்ந்தது என்று சொல்லிச் சொல்லி, படிக்க வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். இதை அனுபவித்தவன் என்ற முறையிலும், செய்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

முதலில் அனுபவித்தது. பொறியியல் இரண்டாம் ஆண்டில் எனக்கு இயற்பியல் பைத்தியம் பிடித்திருந்தது. விடுதியில் ஒரு இறுதியாண்டு அண்ணன் இருந்தார். நிறைய படித்தவர், நல்லவரும்கூட. என்ன படிக்கலாம் என்று கேட்டேன். "லாண்டாவோட மெக்கானிக்ஸ் படிடா. அது புரியலேன்னா பிசிக்ஸ் உனக்கு இல்லேன்னு அர்த்தம்" என்றார். நூலகத்தில் எடுத்துவந்தேன். இருநூறு பக்கம்கூட இல்லாத மெலிந்த புத்தகம். பார்த்தால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் போலிருக்கும். விசை என்ற சொல் வருவதற்கு முன்பே, முதல் சில பக்கங்களிலேயே குறைந்தபட்சச் செயல் தத்துவம் வந்துவிடும். காலமும் வெளியும் எங்கும் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதிலிருந்து தனித்துகள் ஒன்றின் லக்ராஞ்சியனை வருவித்துவிடுவார்கள். இன்று படித்தால் அந்தப் பக்கங்கள் அவ்வளவு அழகு. பத்தொன்பது வயதில், மாறுபாட்டு நுண்கணிதம் என்ற பெயரையே கேட்டிராத எனக்கு அது ஒரு சுவர்.

ஒரு மாதம் மோதிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே இயற்பியலையும். வேலைக்குப் போனேன், ஜாவா எழுதினேன். பன்னிரண்டு வருடம் "நமக்கு அவ்வளவுதான் மூளை" என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது? லாண்டாவ் தன்னிடம் ஆய்வு செய்ய வருபவர்களுக்கு 'தியரிட்டிக்கல் மினிமம்' என்று ஒரு தேர்வு வைத்திருந்தார். முதலில் கணிதத்தில்தான் சோதிப்பார். தொகையீடு போடத் தெரிகிறதா, வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே இயற்பியல். 1930களின் தொடக்கத்திலிருந்து 1961 வரை அந்தத் தேர்வில் முழுதாகத் தேறியவர்கள் 43 பேர். ஒரு தேசம் முழுவதிலிருந்தும், கிட்டத்தட்ட முப்பது வருடத்தில், 43 பேர்! அந்த வரிசையில் நிற்பவர்களுக்கான பாடத்திட்டத்தின் முதல் தொகுதியை, விடுதியில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு செமஸ்டர் அரியர் பயத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்குத் தகுதிச் சோதனையாக வைப்பது என்ன நியாயம்? கணிதம் தெரியுமா என்று லாண்டாவே முதலில் கேட்டார். நம்மவர்கள் அதைக்கூடக் கேட்பதில்லை.

ஜாக்சன் கதையும் இதேதான். ஜே. டி. ஜாக்சனின் மின்னியக்கவியல் நூல் 1962இல் வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை மாணவர்களை அழவைப்பதில் புகழ்பெற்ற புத்தகம். ஆனால் அழுகிற அந்த மாணவர் அதற்கு முன் பர்செல்லோ கிரிஃபித்ஸோ படித்துக் கணக்குப் போட்டிருப்பார். வாரம் ஒருமுறை கணக்குகளைத் திருத்தித் தர ஒருவர் இருப்பார். சந்தேகம் கேட்கப் பேராசிரியரின் அறைக்கதவு திறந்திருக்கும். நமக்குப் புத்தகம் மட்டும் மலிவுப் பதிப்பாக வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த வகுப்பு வரவில்லை. மருந்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதிய சீட்டைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் நடப்பது என்ன? தேர்வுக்கு முந்தைய வாரம் வாங்கும் கைடு. 'முக்கிய பத்து மதிப்பெண் வினாக்கள்'. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை வருவிக்கும் வழியைத் திருக்குறள் மாதிரி மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருவது. மூன்று வருடம் இதையே செய்த ஒரு மாணவிக்கு ஒருநாள் உண்மையான ஆர்வம் வருகிறது. அவள் யாரையாவது கேட்கிறாள். அவர் ஜாக்சன் என்கிறார். கைடிலிருந்து நேரே ஜாக்சன்! நடுவில் இருக்கவேண்டிய பத்துப் படிக்கட்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏனென்றால் படிக்கட்டுகளில் நிற்பதில் பெருமை இல்லை.

"கிரிஃபித்ஸா? அது குழந்தைங்களுக்கு" என்று ஒரு கிண்டல் உண்டு. டேவிட் கிரிஃபித்ஸ் ரீட் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி எழுதுவார். ஒரு மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரிந்தவர், அந்த இடத்தில் நின்று கைகொடுப்பார். இதைத்தான் நாம் குறையாகச் சொல்கிறோம். தெளிவாக எழுதுவது தரக்குறைவு என்று எப்போது முடிவு செய்தோம்? இலக்கியம் படிப்பவர்களான நமக்கும் இந்த வியாதி புதிதல்ல. புதிதாக வாசிக்க வரும் தம்பியிடம் ஆயிரம் பக்க நாவலை நீட்டிவிட்டு, அவன் திரும்பி வரவில்லை என்றால் "வாசகப் பயிற்சி போதாது" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள்தானே நாம்.

ஃபைன்மனைப் பற்றிச் சொன்னால் அடிக்க வருவார்கள். பரவாயில்லை. 1961இலிருந்து 1963 வரை கால்டெக்கில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளின் தொகுப்பைப் போல மனதைக் கிளர்த்தும் இயற்பியல் புத்தகம் வேறில்லை. ஆனால் அதைப் படிப்பது கச்சேரி கேட்பது மாதிரி. தலையாட்டுகிறோம், கண் கலங்குகிறது, வெளியே வந்து ஒரு வரி பாடச் சொன்னால் வாய் வரவில்லை. அந்த மூன்று தொகுதிகளுக்குள் பயிற்சிக் கணக்குகள் கிடையாது, அவை தனியாகவே வந்தன. மாணவர்களைப் பொறுத்தவரை தன் முயற்சி அவ்வளவாக வெற்றிபெறவில்லை என்று முன்னுரையில் அவரே வருத்தப்படுகிறார். நாம்தான் முன்னுரையைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஃபைன்மனைப் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். ஆனால் படித்து முடித்ததும் வரும் அந்தப் 'புரிந்துவிட்டது' என்ற போதையை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இப்போது நான் செய்தது.

என் சித்தி மகள், ஊரில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம். "அண்ணே, எம்.எஸ்ஸி. போகணும்னு ஆசையா இருக்கு. என்ன புக்கு படிக்கணும்?" என்று கேட்டிருந்தாள். எனக்கு எவ்வளவு பெருமை! ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டேன். கோல்ட்ஸ்டைன், ஜாக்சன், சக்குராய், டிராக், லாண்டாவ் நான்கு தொகுதி என்று தொடங்கி மொத்தம் பதினொன்று. அத்தனையும் பிடிஎஃப் ஆக அனுப்பினேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. "தேங்க்ஸ்ண்ணே" என்று பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பி.எட். முடித்திருந்தாள். ஏன் எம்.எஸ்ஸி. போகவில்லை என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "நீ அனுப்புன லிஸ்ட்டப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சுண்ணே, இதெல்லாம் நமக்கு ஆவாதுன்னு."

பாயசம் இறங்கவில்லை. விடுதியில் அந்த அண்ணன் எனக்குச் செய்ததை, பதினோரு மடங்காக, பெருமையோடு, பாசத்தோடு அவளுக்குச் செய்திருக்கிறேன். அந்தப் பட்டியல் அவளுக்காக எழுதப்பட்டதே இல்லை. நான் யார் என்று காட்டுவதற்காக எழுதியது.

அதற்குப் பிறகுதான், முப்பத்திரண்டு வயதில், கிரிஃபித்ஸின் குவாண்டம் புத்தகத்தைத் திறந்தேன். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, குழந்தை எழுவதற்குள். முதல் அத்தியாயக் கணக்குகளுக்கே மூன்று வாரம் ஆனது. ஒருநாள் ஒரு விஷயம் உறைத்தது. பொறியியல் முதல் செமஸ்டரில் நாங்கள் போட்டோமே, மேட்ரிக்ஸ், ஐகன்வேல்யூ, அந்தச் சனியன், அதுதான் அணுவின் ஆற்றல் மட்டங்கள்! என் கையில் சாவி அப்போதே இருந்திருக்கிறது. இது எந்தப் பூட்டுக்கான சாவி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆகவே 'எது சிறந்த புத்தகம்' என்பதே தப்பான கேள்வி. ஒரே குவாண்டத்துக்கு மூன்று வாசல்களைப் பாருங்கள். கிரிஃபித்ஸ் முதல் பக்கத்திலேயே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கையில் கொடுத்து, போடு என்கிறார். சக்குராய் ஸ்டெர்ன் - கெர்லாக் சோதனையில், காந்தப்புலத்தில் இரண்டாகப் பிரியும் வெள்ளி அணுக்களில் தொடங்குகிறார். ஆர். சங்கர் முதல் அத்தியாயம் முழுக்க நேரியல் இயற்கணிதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் இயற்பியலுக்கே வருகிறார். வகைக்கெழுச் சமன்பாடு பழகியவருக்கு முதல் வாசல். மேட்ரிக்ஸ் பழகியவருக்கு இரண்டாவதோ மூன்றாவதோ. கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சங்கரே சென்னை ஐஐடியில் மின்பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்குப் போனவர்தான். டிராக்கின் முதல் பட்டமும் மின்பொறியியல்தான். 'இன்ஜினியருக்கு எதுக்குய்யா பிசிக்ஸ்' என்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

"கடினமான புத்தகம்தான் ஆழத்தைக் கொடுக்கும், எளிய புத்தகம் ஊட்டிவிட்டுக் கெடுக்கும்" என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஆழம் போராட்டத்தில்தான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிடிகூடக் கிடைக்காத சுவரில் நடப்பது போராட்டம் அல்ல, வெறும் முட்டல். அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு அத்தியாயம் படியுங்கள். அதன் கடைசியில் பத்துக் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள், விடைக் கையேட்டைத் தொடாதீர்கள். பத்தும் வந்தால் உங்களுக்கு அந்தப் புத்தகம் எளிது, மேலே போங்கள். நாலைந்து, மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வந்தால் அதுதான் உங்கள் புத்தகம், அடுத்த ஆறு மாதத்துக்கு வேறு எதையும் தேடாதீர்கள். ஒன்றுமே வரவில்லையா? மூடி வையுங்கள். அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல, இன்றைய தேதியைப் பற்றிய தகவல். லாண்டாவ் எங்கும் போய்விட மாட்டார்.

துணைக்கு இன்னொரு புத்தகமோ ஒரு குரலோ வைத்துக்கொள்ளலாம். சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்பிடெல்லில் இலவசமாகக் கிடக்கின்றன. வராமல் போன வகுப்பில் ஒரு பங்காவது அங்கே இருக்கிறது. ஒரு புத்தகம், ஒரு துணை, ஒரு கட்டு வெள்ளைத்தாள். இதற்கு மேல் உள்ளதெல்லாம் பிடிஎஃப் சேகரிப்பு. தபால்தலை சேகரிப்பு மாதிரி அதுவும் நல்ல பொழுதுபோக்குதான், இயற்பியல் என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தமுறை யாராவது உங்களிடம் "எந்த புக்?" என்று கேட்டால், தயவுசெய்து பெயர் சொல்லாதீர்கள். முதலில் ஒரு கணக்குக் கொடுத்து உட்காரவைத்துப் பாருங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்தபிறகு, நீங்கள் உண்மையிலேயே கணக்குப் போட்ட ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள். அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால், தெரியாது என்று சொல்லுங்கள். அதில் ஒன்றும் கௌரவம் போய்விடாது.

சித்தி மகள் இப்போது பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் பழைய கிரிஃபித்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன், ஓரங்களில் என் தப்புகளோடு. மன்னிப்புக் கேட்கவில்லை, கூச்சமாக இருந்தது. சென்ற வாரம் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பெட்டிக்குள் அடைபட்ட துகள். "மூணாவது ஸ்டெப்ல மைனஸ் வருதுண்ணே, எங்க தப்புன்னு பாரேன்."

பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் மைனஸ்தான் வருகிறது.