சாமி இல்லாத கட்டடங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினோரு நிலை, 192 அடி. கீழே கருங்கல், மேலே செங்கலும் சுதையும். பறவை எச்சத்தில் ஓர் ஆலம்விதை இடுக்கில் தங்கினால் போதும், நாலைந்து மழைக்குள் வேர் செங்கலைப் பிளந்துவிடும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி, செடி பிடுங்கி, வெடிப்பு அடைத்துக் கும்பாபிஷேகம் செய்யும் வழக்கம்தான் இந்த மாதிரிக் கோபுரங்களைக் காப்பாற்றி வருகிறது. பக்தியையும் பராமரிப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சாமி இல்லாத கட்டடத்துக்கு அந்த முடிச்சு இல்லை. என் கவலை அதுதான்.

அதே ஊரில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது. எங்கள் ராஜபாளையத்தில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். இவை போகத் தெருவுக்குத் தெரு சாவடிகள், திண்ணை வைத்த வீடுகள். மகாலுக்காவது தொல்லியல் துறை இருக்கிறது. மற்றதையெல்லாம் எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது?

என் தாத்தா கட்டிய வீட்டில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். சுவரின் அடிப்பகுதியில் காரை பொரிந்து உதிர்ந்தது. நாலடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமென்ட் பூசச் சொன்னேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது மழையில் அந்தப் பூச்சு தோசைபோல உப்பி, செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. பழைய கொத்தனார் ஒருவரைத் தேடி அழைத்து வந்தேன். விரல் மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். "செவுத்துக்கும் வேர்க்கும்ய்யா. வேர்வை வெளிய வர வழியில்லாம அடைச்சிட்டீகளே" என்றார்.

பிறகு ஏணி வைத்து மட்டப்பாவுக்கு ஏறினார். தண்ணீர் இறங்கும் தூம்பில் கைவிட்டு, அழுகிய வேப்பஞ்சருகை ஒரு பிடி எடுத்துக் காட்டினார். அவ்வளவுதான் வியாதி. தேங்கிய தண்ணீர் தட்டோட்டு இடுக்கு வழியாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அரைமணி நேர வேலையை வருஷக்கணக்கில் செய்யாமல் விட்டதற்கு ஒரு சுவரையே கொடுத்தேன்.

சிமென்ட் முழுவதையும் பெயர்த்தெடுத்தோம். சுண்ணாம்பை நீற்றுக் குழியில் ஊறப்போட்டு, சலித்த மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார். வீடு முழுக்கக் கடுக்காய் வாடை. அந்தச் சுவர் இன்று வரை பொரியவில்லை.

பழைய கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் சட்டசபையில் நிறைவேறி, 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. வரவேற்கிறேன். ஆனால் தூம்பில் அடைத்த சருகு பன்னிரண்டு வருஷம் காத்திருக்காது. நகராட்சி ஒவ்வொன்றும் தன் எல்லையிலுள்ள பழைய பொதுக் கட்டடங்களுக்கு ஒரு பட்டியல் போடட்டும். புரட்டாசி முதல் வாரத்தில், ஐப்பசி அடைமழைக்கு முன்பாக, இரண்டு கொத்தனாரும் ஓர் ஏணியும் அனுப்பட்டும். செடியை வெட்டாமல் வேரோடு எடுக்க வேண்டும். தூம்பைத் துப்புரவாக்க வேண்டும். காரைச் சுவரில் காரைதான் பூச வேண்டும். எஸ்டிமேட் எழுதும் பொறியாளர்கள் சுண்ணாம்பு என்ற சொல்லை அதில் எழுதப் பழகட்டும்.

இன்னொன்று, பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது. ஆள் புழங்குகிற வீட்டில் ஒழுகல் அன்றைக்கே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் கூரை இறங்கிய பிறகுதான் தெரியும். குமாரசாமி ராஜா வீட்டைக் கொடுத்ததோடு அதற்குள் ஆள் வந்து போகவும் வழி செய்துவிட்டார். சாவடிகளில் மாலை நேரப் பாடம் நடத்தலாம், வாசகசாலை வைக்கலாம்.

என் கொத்தனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பேரன் சென்டரிங் வேலைக்குப் போகிறான். காரை குழைக்கும் பதம் கைக்குத்தான் தெரியும், எழுதி வைக்க முடியாது என்கிறார். வருகிற புரட்டாசியில் எங்கள் தெருச் சாவடியின் மட்டப்பாவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கூடவே நின்று கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கூலி நான் தருகிறேன்.