நீலச் சட்டைக்காரனின் வழக்கு

ஒரு வக்கீல் தம் குழந்தைகளுக்குச் சொன்ன வார்த்தை ஒன்றை ஆட்சேபித்து இதை எழுதுகிறேன். வக்கீல் என்னவோ கற்பனைப் பாத்திரந்தான். ஆனால் அவர் வாய்மொழி எத்தனையோ பள்ளிக்கூடங்களில் பாடமாகிவிட்டபடியால், கதைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஹார்ப்பர் லீ 1960-ல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைத்தான் சொல்கிறேன். மறு வருஷம் அதற்குப் புலிட்ஸர் பரிசு. அதற்கு அடுத்த வருஷம் சினிமா. அலபாமாவில் ஒரு சிற்றூர். செய்யாத குற்றத்துக்காகக் கறுப்பர் ஒருவர் கூண்டில் நிற்கிறார். ஆட்டிகஸ் ஃபின்ச் என்ற வெள்ளைக்கார வக்கீல் அவருக்காக வாதாடுகிறார். சாட்சியமெல்லாம் அவர் பக்கம். தீர்ப்பு மட்டும் எதிர்ப்பக்கம். நல்ல நாவல். நானும் நாவல் எழுதிப் பிழைக்கிறவன், பொறாமைப்பட்டுக்கொண்டேதான் படித்தேன்.

அதே ஆட்டிகஸ், பிள்ளைகள் கையில் காற்றுத் துப்பாக்கி வந்ததும் என்ன சொல்கிறார்? நீலஜேயை எத்தனை வேண்டுமானாலும் சுடலாமாம். குறி தவறாவிட்டால் சரி. மாக்கிங்பேர்டைச் சுடுவதுதான் பாவமாம். ஏன் பாவம் என்பதற்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வியாக்கியானம் செய்கிறாள்: அது யாருடைய தோட்டத்தையும் பாழ் பண்ணாதாம், நமக்காகப் பாடுவது தவிர வேறொன்றும் அறியாதாம். சாட்சி விசாரிக்காமல் தண்டிக்காதே என்று மன்றாடுகிற புத்தகத்தில், ஒரு பறவை ஜாதி முழுவதையும் ஒரே மூச்சில் தூக்குக்கு அனுப்பிவிட்டார்கள். குற்றவாளிக்கு வக்கீல்கூட இல்லை. இருந்த ஒரே வக்கீலும் எதிர்க்கட்சி!

குற்றவாளி யார் என்று பார்க்கலாம். நியூ ஜெர்ஸியில் என் தமக்கை வீட்டுக் கொல்லைப்புற ஜன்னலில் மூன்று வாரம் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். மைனாவைவிடப் பெரியது, காக்கையைவிடச் சிறியது. முதுகும் கொண்டையும் நீலம். இறகிலும் வாலிலும் கறுப்புக் கோடுகள், வெள்ளைப் பொட்டுகள். கழுத்தில் கறுப்பு மாலை. கோபம் வந்தால் கொண்டை நட்டுக்கொள்ளும். குடும்பத்தோடு அமைதியாக இருக்கும்போது படிந்துவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடுப்பு. அந்த நீலம் சாயமே அல்ல என்பது விந்தை. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் சிதறி அப்படித் தெரிகிறது. உதிர்ந்த இறகு ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள்; நீலம் போய் வெறும் பழுப்பு மிஞ்சும்.

'ஜே' என்பது அதன் கூச்சல். நம் காதுக்கு அது பொதுக்கூட்டக் கோஷம்தான். தனக்குத் தானே ஜே போட்டுக்கொள்ளும் பறவை என்று வைத்துக்கொள்ளுங்கள். (வெள்ளைக்காரர்கள் நம் பனங்காடைக்கும் 'நீலஜே' என்று பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள். இரண்டுக்கும் உறவு முறையே இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் ஜாக்கிரதை!)

இனிக் குற்றப்பத்திரிகை. பிற பறவைகளின் முட்டையைத் திருடுகிறது என்பது பெரிய குற்றச்சாட்டு. ஆடுபான் என்ற புகழ்பெற்ற சைத்ரிகர், தம் பறவைப் படத்தொகுதியில் இதை வரையும்போது, மூன்று ஜேக்கள் முட்டை தின்னும் காட்சியாகவே வரைந்து வைத்தார். அழகான படம். அழகாக இருப்பதாலேயே அபவாதம் நிலைத்துவிட்டது. திருடுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, திருடுகிறது. ஆனால் ஜேக்களின் இரைப்பையைத் திறந்து பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு, முட்டையோ குஞ்சோ தின்ற அடையாளம் அகப்பட்டது நூற்றுக்கு ஒன்றில்தான். மற்றதெல்லாம் பூச்சி, கொட்டை, தானியம். நூற்றில் ஒருவன் திருடினான் என்பதற்காக ஊரையே சுடலாம் என்றால், ஆட்டிகஸ் ஐயா, அந்த ஜூரிகளிடம் நீர் எதற்காகத் தொண்டை வறள வாதாடினீர்?

பருந்தைப் போலக் கத்தி மற்றப் பறவைகளை ஏமாற்றுகிறது என்பது இன்னொரு புகார். கத்துகிறது, வாஸ்தவம். ஏமாற்றவா, பருந்து வருகிறது என்று எச்சரிக்கவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிறர் குரலில் பேசுவது குற்றமென்றால் மாக்கிங்பேர்டை என்ன செய்வது? அதன் பெயரே அந்தத் தொழிலால் வந்ததல்லவா? அதுவும் தோட்டத்துப் பழத்தைத் தின்கிறது. கூட்டின் பக்கம் போனால் மனிதன் தலையிலும் பாய்கிறது. பாட்டு நன்றாக இருப்பதால் எல்லாம் மன்னிப்பு!

ஜேயின் பேரேட்டில் வரவுப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் அது ஓக் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்குகிறது. தொண்டைப் பையிலும் வாயிலும் அலகிலுமாக ஒரு தடவைக்கு ஐந்து வரை அடக்கிக்கொள்ளும். எங்கோ கொண்டுபோய், ஒவ்வொன்றாக மண்ணில் செருகி, சருகு போட்டு மூடிவிட்டுப் போகிறது. வர்ஜீனியாவில் பிளாக்ஸ்பர்க் என்ற ஊரில் ஓக் மரத் தோப்பு ஒன்றைக் கண்காணித்து 1981-ல் கணக்கு வெளியிட்டார்கள். அந்த வருஷத்து விளைச்சலில் நூற்றுக்கு 54 பங்கை, அதாவது 1,33,000 கொட்டைகளை, ஜேக்கள் சுமந்துபோய்ப் புதைத்தன. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். சொத்தை நீக்கி, நல்ல விதையாகப் பார்த்து. தின்ன மறந்தவை முளைக்கின்றன. ஓக் கொட்டைக்குக் கால் இல்லை, சிறகும் இல்லை. பனியுகம் முடிந்த பிறகு ஓக் காடுகள் வடக்கே அத்தனை வேகமாகப் பரவியதில் இந்தத் திருட்டுப் பயலுக்குப் பெரும் பங்கு உண்டு என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

"பாத்திரம் பேசுவதை ஆசிரியர் தலையில் கட்டலாமா?" என்று கேட்பீர்கள். நியாயம். 1930-களின் அலபாமாத் தகப்பன் அப்படித்தான் பேசியிருப்பான். சட்டமும் அவன் பக்கம் இருந்தது. 1972-ல்தான் காக்கை இனத்துக்கு அமெரிக்கப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பு கிட்டியது. இன்று அங்கே ஜேயைச் சுட்டால் குற்றம். என் வழக்கு அந்த அம்மாளோடு அல்ல. அந்த வாக்கியத்தில் பின்பாதியை மட்டும் சுவரில் எழுதி வைத்து, முன்பாதியைக் கண்டும் காணாமல் விடுகிற வாத்தியார்களோடுதான்.

முன்பாதி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். என் பாட்டியும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாள்: "குயிலை அடிக்காதேடா, பாவம்." காக்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தினமும் அதற்குச் சோறு வைத்தவள் அவளேதான், ஆனாலும் சொல்லவில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுத் தன் குஞ்சை அதன் தலையில் கட்டுகிறது குயில் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஒன்பது வயதில், கவட்டைவில்லும் கூழாங்கல்லுமாக வேப்பமரத்தடியில் நின்று, நான் அனுமதிக்கப்பட்டதையே செய்தேன். ஒரே கல்.

அந்த ஊர்க் காக்கைகள் என் தலையை அடையாளம் வைத்துக்கொண்டன. நான்கு நாள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.