படைவீரன் இல்லாள்

போர்க்களத்தில் வென்றோர்க்குச் சிலை எழுப்புகின்றோம். வீழ்ந்தோர்க்குக் கல் நாட்டுகின்றோம். அவ்வீரரை வழியனுப்பிவிட்டு வீட்டில் விளக்கேற்றி இருந்தவளுக்கு நாம் அளிப்பது யாது? ‘பொறுமைசாலி’ என்னும் ஒரு சொல்லே. அச்சொல் போதாது என்பதும், பல வேளைகளில் அது நம் நன்றியின்மைக்கு ஒரு திரையாகிவிடுகின்றது என்பதும் என் கருத்து.

தமிழ் பயிலும் நமக்கு முல்லைத்திணை புதிதன்று. வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தே மீள்வான் எனத் தலைவி ஆற்றியிருத்தல் அதன் உரிப்பொருள். ஆயின், அவ்விருத்தலினுள் எத்துணை உழைப்பும் எத்துணைப் போராட்டமும் அடங்கிக் கிடக்கின்றன என்பதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்கப் படைத்தலைவராகவும் பின்னர் அந்நாட்டுக் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஐசன்ஹோவரின் மனைவியார் மேமி அம்மையாரின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும்.

அம்மையார் 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ஐயோவா மாநிலத்துப் பூன் என்னும் ஊரிற் பிறந்தார். செல்வக் குடியிற் பிறந்து, டென்வர் நகரில் ஏவலர் சூழ வளர்ந்தவர். 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இளம் படையதிகாரியான ஐசன்ஹோவரை மணந்தார். அப்பொழுது அவர்க்கு வயது பத்தொன்பதே. இதனை எழுதும் எனக்கும் அவ்வயதே. சமைக்கவும் அறியாது டெக்ஸாஸ் நாட்டுப் படைமுகாமின் சிறு குடியிருப்பிற் புகுந்த அப்பெண், வரவறிந்து செலவிடும் குடும்பக் கணக்கைத் தம் கையிலேற்று, குறைந்த ஊதியத்தில் இல்லம் நடத்தினார். பனாமா, பாரிஸ், வாஷிங்டன், மணிலா என அரசு ஏவிய இடமெல்லாம் கணவருடன் சென்றார். முப்பது முறைக்கு மேல் வீடு மாறினார். தமக்கெனச் சொந்தமாக ஒரு வீட்டைக் கெட்டிஸ்பர்க்கில் வாங்கியது 1950ஆம் ஆண்டிலேயாம். மணமாகி முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர்!

இவ்வாறு இடந்தோறும் இல்லம் சமைத்த அம்மையார்க்குப் பெருந்துயர் ஒன்று வந்துற்றது. 1921ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், மூன்று வயதே நிரம்பிய தலைமகன் செங்காய்ச்சலால் இறந்தான். அடுத்த ஆண்டே கணவருக்குப் பனாமாவில் பணி. வெம்மையும் பூச்சியும் மிக்க அவ்விடத்தில், மகனை இழந்த துயரம் இருவரையும் இணைப்பதற்கு மாறாகப் பிரித்தது. 1922இல் இரண்டாம் மகன் ஜான் பிறந்த பின்னரும் அம்மையாரின் உடலும் உள்ளமும் தேறவில்லை. ஒரு காலத்தில் கணவரை விடுத்துத் தாய்வீடு சென்றார். பின்னர்த் தாமே சிந்தித்துத் தெளிந்து மீண்டு வந்தார்.

இதனைக் குறையெனக் கொள்வார் கொள்க. எனக்கோ அவர் வாழ்வின் மிக உயர்ந்த பகுதி இதுவேயாகத் தோன்றுகின்றது. பொறுமை பெண்டிர்க்குப் பிறப்பிலேயே வாய்த்த குணம் என்று கூறுவது புகழ்ச்சி போல் ஒலிக்கும் இகழ்ச்சி. இயல்பாய் வாய்த்த ஒன்றற்கு நன்றி கூறுவார் யார்? அம்மையார் விட்டுச் செல்ல வல்லவராயிருந்தார், சென்றும் காட்டினார். அங்ஙனமிருக்க, மீண்டு வந்தது அவர் தேர்ந்துகொண்ட செயல் அன்றோ?

உலகப் போரில் ஐசன்ஹோவர் 1942 ஜூன் மாதம் ஐரோப்பா சென்றார். அதன் பின் மூன்றாண்டுக் காலத்தில் இருவரும் கண்டுகொண்டது 1944 ஜனவரியில் ஒரே முறை. அவ்விடைக்காலத்தில் கணவர் தம் கைப்பட எழுதிய 319 கடிதங்களே அம்மையார்க்குத் துணையாயின. 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் கணவரின் ஆணைவழிப் படைகள் இறங்கின. அதே நாளில் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் மகன் ஜான் பட்டம் பெற்றான். மகனும் படைவீரனாய் வெளிப்படுவதைக் கண்டு மகிழ அங்கிருந்த தாயின் நெஞ்சு எக்கரையில் நின்றிருக்கும்! எட்டாண்டுகள் கழித்து அம்மகனையும் கொரியப் போர்க்குப் போக்கினார். உட்செவி நோயால் தலைசுற்றித் தள்ளாடிய காலத்தில், மது அருந்தினார் என ஊர் அலர் தூற்றிற்று. அதனையும் தாங்கினார்.

கணவர் 1969இல் இறந்த பின்னர்ப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். பேரப்பிள்ளைகள் நால்வர் கொண்ட குடும்பத்திற்கு முதியோளாய் விளங்கி, 1979 நவம்பர் முதல் நாள் மறைந்தார். கான்ஸாஸ் மாநிலத்து அபிலீன் நகரில், கணவர்க்கும் சிறுவயதில் மாண்ட தலைமகனுக்கும் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். முப்பது வீடுகளுக்கு மேல் மாறியவர், இறுதியில் தம் மூவரும் ஒருங்கே தங்கும் இடம் சேர்ந்தார்.

அம்மையார் சென்ற வழியே எல்லாப் பெண்டிர்க்கும் விதி என்று யான் கூறவில்லை. நம் கல்லூரிச் சகோதரியர் இன்று தாமே படையதிகாரிகளாகலாம். அப்பொழுது விளக்கேற்றிக் காத்திருக்கும் கடன் கணவன்மார்க்கு உரியதாகும். யார் காத்திருப்பினும் அது ஒரு பணி. தேர்ந்து ஏற்ற பணி. விலை கொடுத்துச் செய்த பணி. அவ்விலையை அறியாது ‘பொறுமை’ எனச் சொல்லி அகலுதல் தகாது. எனவே, நண்பர்களே, இனி ஒரு வீரனது வரலாற்றைப் படிக்குங்கால், ‘அவன் வீட்டில் இருந்தவர் யார்? அவர் இழந்தது யாது?’ என்றும் கேட்போமாக. அவ்வினாக்கள் இன்றேல் வரலாறு பாதியே.