மூன்றாம் தரமும் அதே அடைப்பு

போன குளிர்காலத்தில் எங்கட வீட்டுப் பொய்லர் மூன்று தரம் அடைபட்டது. கிழக்கு லண்டன், நாலு அறை, நாலு பேர். எல்லாரும் படிக்க வந்து, பகுதிநேர வேலையும் செய்கிற ஆக்கள்தான். எங்களில் ஒருத்தி முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை முடித்து விடியப்புறம் வருவாள். குளிக்கப் போய்ப் பைப்பைத் திறந்தால் ஒரு நிமிசம் கொதிதண்ணி, அடுத்த நிமிசம் பச்சைத்தண்ணி. கடைசியில் கேத்திலில் கொதிக்க வைத்து, வாளியில் கலந்து குளித்துவிட்டுப் படுப்பாள். முறைப்பாடு சொன்னால் ஆள் வரும், ஒரு சாமானை மாற்றும், போகும். ஆறு கிழமைக்குள் திரும்ப அதே கதை.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது தேவையில்லாத கதையாகத் தெரியலாம். ஆனால் உங்களில் கொஞ்சப் பேர் அடுத்த செப்ரெம்பரில் மாணவர் விசாவோடு இங்கே வந்து இறங்குவீர்கள். வெளிக்கிடும்போது எல்லாரும் ஜக்கெற்றைப் பற்றிச் சொல்வார்கள். குசினிச் சுவரில் தொங்குகிற அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றி ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கும் சொல்லேல்லை. எங்கட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஒரே அடைப்புத் திரும்பத் திரும்ப வந்தால், அடைபட்ட சாமானை மாற்றுவது மட்டும் திருத்தம் ஆகாது. ஊத்தை எங்கேயிருந்து வருகுது என்று கேட்கவேணும். அந்தக் கேள்வியைக் கேட்கிற பொறுப்பு வாடகைக்கு இருக்கிறவைக்கும் உண்டு.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? காஸ் எரிந்து தண்ணியைச் சூடாக்கும். ஒரு பம் அதை அறை அறையாக ரேடியேற்றருக்குள் அனுப்பித் திரும்ப எடுக்கும். இந்தத் தண்ணி வெளியே போகாது. வருசக்கணக்காக ஒரே தண்ணி சுத்திக்கொண்டே இருக்கும். குளிக்கிற தண்ணி வேறு. அது றோட்டுக் குழாயில் இருந்து வந்து, ஒருக்கா சூடாகி, உங்கட தலையில் விழுந்து போய்விடும். வாடகை வீடுகளில் கனக்க இருக்கிற கொம்பி பொய்லரில் இந்த இரண்டு தண்ணியும் ஒரு சின்னச் சாமானுக்குள் பக்கம் பக்கமாக ஓடும். மெல்லிய துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளை அடுக்கி ஒட்டின கட்டி அது. ஒரு இடைவெளியில் ரேடியேற்றர்த் தண்ணி, அடுத்ததில் குளிக்கிற தண்ணி. சூடு மட்டும் தகட்டைத் தாண்டும், தண்ணி கலக்காது. இடைவெளிகள் சரியான ஒடுக்கம். அதனால் ஊத்தை வந்து இறுகிற இடமும் பெரும்பாலும் அதுதான். எங்கட வீட்டில் மாற்றினதும் அந்தத் தகட்டுக் கட்டியைத்தான்.

ஊத்தை இரண்டு நிறம். ஒன்று வெள்ளை. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி கொதிக்கிற கேத்திலின் அடியைப் பார்த்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது போல, லண்டனைச் சுற்றியும் சோக்குப் பாறை. அதனால் இங்கத்தைத் தண்ணியும் கடினத் தண்ணி. சூடாக்கச் சூடாக்கச் சுண்ணாம்பு படியும். அது குளிக்கிற தண்ணியின் பக்கத்தை அடைக்கும்.

மற்றது கறுப்பு. ரேடியேற்றர் உருக்கில் செய்தது. தண்ணிக்குள் இருக்கிற ஒட்சிசன் பட்டு உள்ளுக்குள் அரித்து, மக்னரைற்று என்கிற கறுத்த இரும்பு ஒட்சைட்டுத் தூளாகும். அது ரேடியேற்றரின் அடியில் சேறு மாதிரிப் படியும். மேல்பக்கம் சுட்டு, கீழ்ப்பக்கம் குளிர்ந்திருந்தால் அநேகமாக அந்தச் சேறுதான். மேல்பக்கம் குளிர்ந்திருந்தால் காத்து நிக்குது. மிச்சச் சேற்றைப் பம் இழுத்துக்கொண்டு போய் ஒடுக்கமான இடத்தில் இறுக்கும்.

மூன்றாம் தரம் திருத்த வந்தவர் ஒரு தமிழ் அண்ணை. கழட்டின கட்டிக்குள் இருந்து வடிந்த கறுத்தத் தண்ணியை ஒரு போத்தலில் பிடித்து, எங்கட பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழட்டிப் போத்தலில் வைத்தார். தூள் முழுக்கக் காந்தப் பக்கம் போய் அப்பிக்கொண்டது.

“நான் இதை மாத்தித் தாறன், காசும் வாங்கிறன். ஆனா இந்த ஊத்தை எங்கையிருந்து வருகுது எண்டு முந்தி வந்த ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

பிறகு அமுக்கமானியைப் பார்த்தார். “உதுக்குக் கிழமைக்கு எத்தினை தரம் தண்ணி விடுறனீங்கள்?”

நாங்கள் கொஞ்சம் பெருமையோடதான் பதில் சொன்னோம். யூரியூப் பார்த்துப் பழகினது. ஊசி 1 பாருக்குக் கீழே இறங்கினால் கீழே இருக்கிற வால்வைத் திறந்து 1.5 வரைக்கும் ஏற்றுவோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஆளின் முறை.

அவர் தலையில் கை வைத்தார். மூடின சுற்றுக்குள் இருக்கிற ஒட்சிசன் கொஞ்ச நாளில் முடிந்துவிடும், அரிப்பும் மெல்லக் குறையும். நாங்கள் கிழமைக்குக் கிழமை புதுத் தண்ணி விட்டு, புது ஒட்சிசனும் புதுச் சுண்ணாம்பும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஊத்தைக்குச் சாப்பாடு போட்டது நாங்கள்தான்.

அப்ப தண்ணி எங்கே போகுது? தேடினால், ஒரு அறையில் ரேடியேற்றர் வால்வுக்குக் கீழே துவாய் ஒன்று மடித்து வைத்திருந்தது. அந்த அறைக்காரனுக்கு மாசக்கணக்காகத் தெரியும். “நான்தான் உடைச்சனான் எண்டு டிப்பொசிற்றில கழிப்பினம் எண்டு பயந்து சொல்லேல்லை” என்றான். எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், நாங்களும் அப்படித்தான். மூன்று தரமும் வீட்டுக்காரருக்கு ஃபோனில் “அண்ணை, சுடுதண்ணி வருகுதில்லை” என்றுதான் சொன்னோமே தவிர, ஒரு வரி எழுதி அனுப்பேல்லை.

ஏன் எழுதவில்லை? வீட்டுக்காரர் எங்கட ஆள். பிணையாளி கேட்காமல் அறை தந்தவர். “பிள்ளையள், பாத்துச் செய்வம்” என்று அன்பாகக் கதைப்பவர். அவருக்குத் திகதி போட்டு எழுதினால் நன்றி கெட்ட ஆக்கள் ஆகிவிடுவோமோ என்று ஒரு கூச்சம். இங்கேதான் நாங்கள் பிழை விட்டோம் என்று நினைக்கிறோம். அவர் செய்த உதவிக்கு நன்றி இருக்கட்டும். வாடகையும் மாசாமாசம் போகிறது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டுடைமையாளர், வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, குறுகிய கால வாடகை வீடுகளில் சூடாக்கிற, சுடுதண்ணி தருகிற சாதனங்களை வேலை செய்கிற நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்கிறது. அவர் அதே வீட்டில் உங்களோடு இருந்தால் நிலைமை வேறு. அப்படியென்றால் முதலில் ஆலோசனை கேளுங்கள்.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயமும் ஒன்று உண்டு: முழுச் சுற்றையும் கழுவச் சில நூறு பவுண் போகும். உண்மைதான். ஆனால் மூன்று தரம் சாமான் வாங்கி, மூன்று தரம் கூலி கொடுத்தவரும் அவர்தான். மலிவான வழி என்று நினைத்து அவர் போனது செலவு கூடின வழி. “வருசாவருசம் காஸ் சேர்ட்டிபிக்கற் எடுக்கிறன்தானே” என்றும் சொன்னார். அந்தச் சோதனை காஸ் பாதுகாப்பைப் பார்க்கிறது. ரேடியேற்றருக்குள் என்ன தண்ணி ஓடுகிறது என்று அது பார்க்காது.

செய்யவேண்டியது ஒழுங்காக இதுதான். முதலில் ஒழுக்கை அடைக்கவேணும். பிறகு முழுச் சுற்றையும் கழுவி, அரிப்பைத் தடுக்கிற மருந்தை விட்டு, பொய்லருக்குத் தண்ணி திரும்பி வருகிற குழாயில் காந்த பில்ரர் பூட்டவேணும். வருசத்துக்கு ஒருக்கா பில்ரரைக் கழுவி, மருந்து காணுமா என்று பார்க்கவேணும். 2019இல் புதுப்பித்த பிரித்தானியத் தரநிலை பிஎஸ் 7593 சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். வெள்ளைப் படிவுதான் பிரச்சினை என்றால், உள்ளே வருகிற பச்சைத்தண்ணிக் குழாயில் சுண்ணாம்பைக் குறைக்கிற சாதனம் ஒன்று.

உறைபனி விழுகிற காலையில் மட்டும் பொய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால் அது வேறு அடைப்பு: கழிவுநீர் போகிற மெல்லிய குழாய் வெளியே உறைந்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியை வெளிக்குழாயில் ஊற்றினால் இளகும், கொதிதண்ணி வேண்டாம். அதுவும் ஒவ்வொரு பனிக்கும் வந்தால், குழாயைப் பெருப்பிக்கவோ மூடிக் கட்டவோ சொல்லிக் கேளுங்கள். பொய்லரின் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். அது காஸ் சேஃப் பதிவுள்ளவரின் வேலை.

கடைசியில் நாலு பேரும் இருந்து ஒரு மின்னஞ்சல் எழுதினோம். மூன்று திகதிகள், அமுக்கம் இறங்கின கணக்கு, துவாயின் படம், போத்தலின் படம். நாங்கள் தண்ணி விட்டதையும் மறைக்கவில்லை. பதில் வராவிட்டால் கவுன்சிலுக்கு எழுதுவது என்று எங்களுக்குள் முடிவெடுத்திருந்தோம். தேவைப்படவில்லை. அண்ணைக்கு முதலில் மனவருத்தம்தான், இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை ஆள் வந்து கழுவினது. வெளியே வந்த தண்ணி அடுப்புக்கரி கரைத்த மாதிரி.

இப்பவும் ஞாயிற்றுக்கிழமை முறை இருக்கிறது. ஊசியைப் பார்த்து, திகதியோடு கொப்பியில் எழுதுகிறோம். இறங்கினால் வால்வில் கை வைக்கிறதில்லை. அண்டைக்கே அண்ணைக்கு எழுதுகிறோம். விடியப்புறம் வருகிறவள் கேத்திலைத் தேத்தண்ணிக்கு மட்டும்தான் வைக்கிறாள்.