பறைன்னா மட்டும் காது கூசுதா?

பாப்பிரெட்டிப்பட்டி தோழர்களே!

ராப் பாட்டுக்கு ரீல்ஸ் போடுறோமே, அதோட வேர் ஆப்பிரிக்கா. 1739-ல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே முரசுக்குத் தடைச் சட்டம்! கையைத் தட்டினாங்க, காலைத் தட்டினாங்க, தாளத்தை மட்டும் விடல. ப்ளூஸ், ஜாஸ், ஹிப்ஹாப்னு உலகத்தையே ஆட வச்சாங்க.

நம்ம ஊர்ல பறையை ஒதுக்கச் சட்டமே தேவைப்படல, சாதி போதும்! சாவுக்கு அடிக்கணும், தெருவோரமா நிக்கணும், கூலி கேட்டா முறைப்பு.

2018-ல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. டெல்லி கொடுத்த மரியாதையை நம்ம தெரு எப்பங்க கொடுக்கும்?

அடுத்த கல்யாணத்துக்குப் பறை சொல்லுங்க. கூலியை முன்னாடியே பேசிக் கொடுங்க. பந்தியில பக்கத்துல உட்கார வைங்க.