மந்திரிக்கிறவரைத் திட்டுறதுக்கு முன்னாடி

"பாம்பு கடிச்சா இன்னமும் ஏன் மந்திரிக்கப் போறீங்க? நேரா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே?" சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற சொந்தக்காரங்க ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். மந்திரத்தால் விஷம் இறங்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க பக்கத்து ஊர்ல மந்திரிக்கிற பெரியவர் வீட்டுக் கதவை ராத்திரி எத்தனை மணிக்குத் தட்டினாலும் எழுந்து வருவார். திண்ணையில உட்கார வெச்சு, காலைத் தொட்டுப் பார்ப்பார். எப்போ கடிச்சதுன்னு கேட்பார். எவ்வளவு பணம் கொண்டு வந்திருக்கேன்னு கேட்க மாட்டார். எங்க ஜனம் அங்க போறதுக்கு அறியாமை மட்டும் காரணம் இல்லை. ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசல்ல பட்ட அனுபவமும் ஒரு காரணம். நான் பட்டதைச் சொல்றேன்.

போன வருஷம் ஐப்பசி மாசம். மும்முனை கரண்ட் எங்களுக்கு ராத்திரியிலதான் வந்துக்கிட்டு இருந்தது. பத்து மணிக்கு மடை திருப்பப் போனேன். வரப்புல கால் வெச்சதும் கணுக்கால்ல சுரீர்னு பட்டது. டார்ச் வெளிச்சத்துல பார்த்தேன், கண்ணாடி விரியன். காலைக் கட்டலை, கீறலை, பச்சிலை வைக்கலை. அண்ணன் மகன் பைக்ல ஏத்திக்கிட்டு 18 கிலோமீட்டர் தள்ளி டவுன்ல இருக்கிற பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். 10.40-க்கு வாசல்ல இருந்தோம். "24 மணி நேர அவசர சிகிச்சை"ன்னு சிவப்பு லைட் போட்ட போர்டு பளபளன்னு எரிஞ்சது.

முதல்ல கேட்டது, "பாம்பை அடிச்சு எடுத்துட்டு வந்தீங்களா?" ரெண்டாவது கேட்டது, "கூட யாரு வந்திருக்கா, பெரியவங்க யாரும் வரலையா?" மூணாவது, "கவுண்டர்ல முப்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க." எங்க கையில 4,200 ரூபாய்தான் இருந்தது. மீதியைக் காலையில கட்டிடறோம்னு பையன் கெஞ்சினான். என்னை ஒரு நாற்காலியில உட்கார வெச்சாங்க. ஒரு டி.டி. ஊசி போட்டாங்க. அவ்வளவுதான். பிரஷர் பார்க்கலை, ரத்தம் எடுக்கலை. கால் முழங்கால் வரைக்கும் வீங்கிடுச்சு, ஈறுல ரத்தம் கசிய ஆரம்பிச்சது. டூட்டி டாக்டர் யாருக்கோ போன் போட்டுக்கிட்டே இருந்தார். 12.05-க்கு வெளிய வந்து, "இங்க பெட் இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க"ன்னார். ஒரு சீட்டு எழுதித் தரலை. ஆம்புலன்ஸும் தரலை. பையன்தான் 108-க்குப் போன் போட்டான்.

பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி ஒண்ணு. அங்க கட்டில் இல்லை, தரையில பாய்தான். ஆனா வந்த அஞ்சாவது நிமிஷம் நர்ஸம்மா ஒரு கண்ணாடிக் குழாய்ல என் ரத்தத்தை எடுத்து ஓரமா வெச்சுட்டு மணி பார்த்தாங்க. 20 நிமிஷம் கழிச்சு சாய்ச்சாங்க. உறையாம தண்ணி மாதிரி ஓடுச்சு. உடனே மருந்து ஏத்த ஆரம்பிச்சாங்க, பத்துக் குப்பி. "பத்து மணிக்குக் கடிச்சதுக்கு இப்பவா வர்றது?"ன்னு அந்தம்மா திட்டினாங்க. நாங்க என்ன பதில் சொல்றது? எங்க போயிட்டு வந்தோம்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கூட எங்ககிட்ட இல்லையே.

உயிர் பிழைச்சேன். ஆனா சிறுநீரகம் அடிபட்டு ஏழு தடவை டயாலிசிஸ் பண்ண வேண்டியதாப் போச்சு. அந்த ஒன்றரை மணி நேரம்தான் காரணமானு டாக்டரைக் கேட்டேன். "அதை மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா விஷம் உடம்புல சுத்துற ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான்"னார். அந்தப் போகம் நெல்லு யாரோ அறுத்தாங்க. டயாலிசிஸுக்குப் போக வர, மாத்திரை வாங்கன்னு ஆன செலவுக்குக் கறவை மாடு ஒண்ணு போச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்த ராத்திரி எனக்குத் தேவைப்பட்டது ஸ்கேன் மெஷினோ ஏ.சி. ரூமோ இல்லை. ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு கடிகாரம், சில குப்பி மருந்து, பக்கத்துல நின்னு பார்க்க ஒரு ஆள். பாம்பைக் கொண்டு வரச் சொல்றதுக்கும் அவசியமே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம்ம நாட்டுல போடுறாங்க. விரியன்னா ரத்தம் உறையாது, நல்ல பாம்பும் கட்டுவிரியனும்னா கண் இமை சரியும். நோயாளியைப் பார்த்தாலே தெரியும். பாம்பைப் பார்க்கணும்னு இல்லை. பார்க்கணும், அதுதான் நடக்கலை.

இந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978 முதல் இயங்குற இருளர் கூட்டுறவுச் சங்கம். எங்களை மாதிரி கழனியிலும் காட்டிலும் திரியற ஜனம் உயிரைப் பணயம் வெச்சு எடுக்கிற விஷம் மருந்தாகி ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜுக்குப் போகுது. அது எங்க ரத்தத்துக்குத் திரும்பி வர்ற கடைசி பத்தடியிலதான் கவுண்டர் குறுக்க நிக்குது.

சட்டம் இல்லாமலும் இல்லை. உயிருக்கு ஆபத்தா வர்றவருக்கு அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ முதல்ல சிகிச்சை கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிடுச்சு. 1992-ல் மேற்கு வங்கத்துல ரயில்ல இருந்து விழுந்து தலையில அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒண்ணு மாத்தி ஒண்ணு "இடமில்லை"ன்னு திருப்பி அனுப்பின. அவர் கடைசியில தனியார் ஆஸ்பத்திரியில காசு கொடுத்துப் பிழைச்சார். விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. இது வாழும் உரிமையையே மீறினதுன்னு சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சுமார் முப்பது வருஷம் ஆச்சு. "பெட் இல்ல"ங்கிற வார்த்தை மட்டும் மாறலை.

டாக்டர் பக்க நியாயத்தையும் பேசணும். அந்த டூட்டி டாக்டருக்கு என் அண்ணன் மகன் வயசுதான் இருக்கும். இந்த மருந்து சிலருக்குக் கடுமையான அலர்ஜி கொடுக்கும். ராத்திரியில தனியா இருக்கும்போது ஏதாவது ஆகிட்டா, சொந்தக்காரங்க கண்ணாடியை உடைப்பாங்க. அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா அலர்ஜிக்கு அட்ரினலின் ஊசி இருக்கு. மருந்து போடாம விட்டா விஷத்துக்கு எதுவும் இல்லை. பயந்த டாக்டரைத் தனியா விட்டுட்டு, வாசல்ல 24 மணி நேரம்னு போர்டு எரிய விடுறது யாரு? அவங்கதான் பதில் சொல்லணும்.

இந்தியாவுல 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் செத்திருப்பாங்கன்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. பெரும்பாலும் கிராமத்து ஜனம். பாம்புக்கடி கேஸை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கணும்னு தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவிச்சது நல்ல காரியம். ஆனா என்னைத் திருப்பி அனுப்பின ஆஸ்பத்திரி கணக்குல நான் வரவே மாட்டேன். அங்க என் பேரையே யாரும் எழுதலையே!

நான் கேட்கிறது மூணே மூணு. ஒண்ணு, பில்லுக்கு முன்னாடி முதல் டோஸ். ரெண்டு, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, எத்தனை மணிக்கு வந்தார், என்ன கொடுத்தோம்னு சீட்டு எழுதி, அங்க ஒரு போன் போட்டுச் சொல்லி, ஆம்புலன்ஸ்ல அனுப்பணும். மூணு, ரோட்டுல அடிபட்டவங்களுக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டத்துல முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏத்துக்குது. தனியார் ஆஸ்பத்திரியிலயும் கிடைக்குது. அதே மாதிரி கழனியில கடிபட்டவனுக்கும் ஏத்துக்கணும். அப்புறம் அட்வான்ஸ் கேட்க யாருக்கும் காரணம் இருக்காது.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிற உங்ககிட்ட ஒரு வேலை கொடுக்கலாமா? உங்க அப்பா அம்மா இன்னமும் ஊர்ல இருந்தா, அந்த டவுன் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு போன் போடுங்க. "பாம்புக்கடி மருந்து இருக்கா? இப்போ வந்தா போடுவீங்களா?" இந்த ரெண்டே கேள்விதான். பதிலை ஊருக்குச் சொல்லி வைங்க. எந்த வாசலுக்குப் போகணும்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா, திண்ணைப் பெரியவரைத் தேடி யாரும் போக மாட்டாங்க.